நூலகர்களுக்கான தலைமைப் பயிற்சி: மலையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் நூலகர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தாலே எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். நான் இங்கே கிளை நூலகர். பயிற்சியில் கலந்துகொண்டவள், பிறகு சில வகுப்புகளை எடுக்கவும் போய்வருகிறேன். கூடலூரிலிருந்து கூப்பிடுபவரும் கோத்தகிரியிலிருந்து கூப்பிடுபவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"எங்க நூலகத்துல நான் ஒருத்தன்தான் இருக்கேன். எனக்கு எதுக்கு மேடம் தலைமைப் பயிற்சி?"

ஒருத்தராக இருப்பதால்தான் தேவை. மாவட்ட மைய நூலகத்தில் ஒரு வேலை நின்றால் பார்க்க நாலு பேர் உண்டு. ஊர்ப்புற நூலகத்தில் கதவைத் திறப்பது, செய்தித்தாளை அடுக்குவது, புத்தகம் கொடுத்து வாங்குவது, கூரை ஒழுகுகிறது என்று ஊராட்சியிடம் போய் நிற்பது எல்லாம் நீங்கள்தான். உங்களுக்குக் கீழே பணியாளர் இல்லை. ஆனால் உங்களைச் சுற்றி ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், அங்கன்வாடி அக்கா, வாசகர் வட்டத்துக்காரர்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களை நூலகத்தின் பக்கம் நிற்க வைப்பது எப்படி என்பதைத்தான் அங்கே பழகுகிறோம்.

"என்னதான் சொல்லித் தர்றாங்க? மறுபடியும் பகுப்பு, பட்டியல்தானா?"

இல்லை. பகுப்பாக்கமும் நூற்பட்டியலும் நீங்கள் படித்துவிட்டு வந்த பாடங்கள். இங்கே நடப்பது வேறு. ஊரின் தேவையைக் கேட்டறிவது, சின்னத் திட்டம் ஒன்றை எழுதி அதற்குச் செலவு போடுவது, அதிகாரியிடமும் மக்கள் பிரதிநிதியிடமும் பேசுவது, வாசகரோடும் சக பணியாளரோடும் வரும் உரசலைக் கையாள்வது, செய்ததை எண்ணிக்கையோடு அறிக்கையாக்குவது. கோஹா போன்ற நூலக மென்பொருள் பற்றி அரை நாள் இருக்கலாம். அதுவும் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதற்காக இல்லை. கணினியால் மிச்சமாகும் நேரத்தை வாசகருக்கு எப்படித் திருப்புவது என்பதற்காக.

எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் கட்டாயம் வரும். சீர்காழியில் பிறந்த அவர் 1931-இல் வெளியிட்ட விதிகள் அவை: நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஐந்து வரிகளையும் உங்கள் நூலகத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டாம் விதியில்தான் பெரும்பாலானவர்கள் நின்று யோசிப்பார்கள். நம் அலமாரியில் இருப்பது பாதிக்கு மேல் கேட்டு வாங்கியது இல்லையே, வந்து சேர்ந்ததுதானே!

"நான் ஊர்ப்புற நூலகர்தான். முதல்நிலை நூலகர்களுக்குத்தானே இதெல்லாம்?"

அறிவிப்பில் யாருக்கு என்று எழுதியிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். பொதுவாக ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு. சில பயிற்சிகளில் பள்ளி, கல்லூரி நூலகர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் எல்லா நிலையினரும் கலந்து உட்காரும் வகுப்புதான் நல்ல வகுப்பு. மைய நூலகத்தில் இருப்பவருக்குக் கோப்பு நடைமுறை தெரியும், ஊர்ப்புற நூலகருக்கு ஊர் தெரியும்.

"ஆபீஸ்ல எப்படிக் கேட்கிறது? லீவு போட்டுட்டுத்தான் போகணுமா?"

துறை வழியாக வரும் பயிற்சி என்றால் அது பணிக்காலம், விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்மொழியாக "போய்ட்டு வாங்க" என்று சொன்னதை நம்பிப் புறப்படாதீர்கள். மாவட்ட நூலக அலுவலரின் ஆணை கையில் இருக்க வேண்டும். போகும் நாட்களில் உங்கள் நூலகத்தின் கூடுதல் பொறுப்பு யாருக்கு என்பதும் அதே ஆணையில் வந்துவிட்டால் பின்னால் பிரச்சினை இல்லை. திரும்பும்போது பங்கேற்புச் சான்றையும் பேருந்துச் சீட்டுகளையும் பத்திரமாக எடுத்து வாருங்கள். பயணப்படிப் பட்டியலுக்கு இரண்டும் வேண்டும்.

வெளி அமைப்பு நடத்தும் பயிற்சிக்கு நீங்களாக விண்ணப்பிப்பதாக இருந்தால் துறையின் முன் அனுமதி தேவை. அழைப்புக் கடிதத்தையும் நிகழ்ச்சி நிரலையும் இணைத்து, இந்தப் பயிற்சியால் என் நூலகத்தில் இன்னது செய்யப் போகிறேன் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டு வரி இருக்கும் விண்ணப்பத்தை மறுப்பது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

"ஊட்டியில வச்சிருக்காங்களாம். எப்படி வர்றது, இ-பாஸ் எடுக்கணுமா?"

அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸ் தேவையில்லை. வெளிமாவட்டப் பதிவெண் கொண்ட சொந்த வண்டியில் வந்தால்தான் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் பேருந்து உண்டு. மலை ரயிலில் வரலாம் என்று பலருக்கு ஆசை. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும், முன்பதிவும் எளிதில் கிடைக்காது. முதல் நாள் காலை வகுப்பு இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, எந்த மாதமானாலும் ஒரு குடை. மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, அதனால் தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

"இங்கிலீஷ்லயா நடத்துவாங்க? எனக்குச் சரளமா வராது அக்கா."

பொது நூலகத் துறை மாநிலத்துக்குள் நடத்தும் பயிற்சிகள் தமிழில்தான் நடக்கும், நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் வரும். கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை போன்ற தேசிய அளவிலான அமைப்புகள் ஏற்பாடு செய்பவற்றில் ஆங்கிலம் கூடுதலாக இருக்கும். புரியாத இடத்தில் கையைத் தூக்கி "தமிழில் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் இன்னும் பத்துப் பேர் நன்றியோடு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். மொழி வரவில்லை என்பதற்காக இந்த வாய்ப்பை விடவே விடாதீர்கள்.

"போறதுக்கு முன்னாடி ஏதாவது தயார் பண்ணணுமா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் நூலகத்தின் பிரச்சினை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், ஒன்றே ஒன்றை. "வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது" என்பது பிரச்சினை இல்லை, அது பொதுப் புலம்பல். "எங்கள் ஊரில் உறுப்பினர் பட்டியலில் பெண்கள் மிகக் குறைவு" என்பது பிரச்சினை. அதற்கு ஆதாரமாக வருகைப் பதிவேட்டிலும் நூல் வழங்கும் பதிவேட்டிலும் மூன்று மாதக் கணக்கை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு, எதை எடுக்கிறார்கள். அப்புறம் யார் வரவே இல்லை.

பந்தலூர்ப் பக்கத்து நூலகர் ஒருவர் அப்படி ஒரு தாளோடு வந்தார். காலையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள், மாலையில் பள்ளிப் பிள்ளைகள், பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. ஊரின் படத்தை வரையச் சொன்னோம். தேயிலைத் தோட்டம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், கடை, பேருந்து நிறுத்தம், நூலகம் எல்லாம் வரைந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் எந்த வழியாக எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று பென்சிலால் கோடு போடச் சொன்னதும் நிறுத்திவிட்டார். கோடு நூலகத்தைத் தொடவே இல்லை. எடை போட்டு முடித்து, ரேஷன் கடையோ அங்கன்வாடியோ பார்த்துவிட்டு நேரே லைனுக்குப் போய்விடுகிறார்கள். அதன்பின் இருட்டில் வெளியே வந்தால் யானை பயம். பெண்களுக்குப் படிக்க ஆர்வமில்லை என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

அவர் எழுதிய திட்டம் மிகச் சிறியது. மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அங்கன்வாடியில் ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகம் வைப்பது. ஒரு நோட்டில் பெயர், புத்தக எண், தேதி. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் அவரே போய் மாற்றி வைப்பார். சமையல் புத்தகம்தான் போகும் என்று எதிர்பார்த்தார். போனதென்னவோ நாவலும், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் படக்கதையும். தாளில் கணக்கு இல்லாமல் வந்திருந்தால் அந்தப் பயிற்சியில் அவருக்கு இது கிடைத்திருக்காது.

"குழு விளையாட்டு, நடிச்சுக் காட்டறதுன்னு இருக்காமே. எனக்கு ரொம்பக் கூச்சம்."

இருக்கும். முதல் நாள் எல்லோருக்குமே கூச்சம்தான். "நீங்கள் நூலகர், எதிரே ஊராட்சித் தலைவர், மின்விளக்கு கேட்கப் போகிறீர்கள்" என்று சொல்லிப் பேச விடுவார்கள். முதல் தடவை எல்லோரும் குறையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இரண்டாம் தடவை, அவருடைய ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் போட்டித் தேர்வுக்கு அங்கே படிக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உட்கார்ந்து கேட்டால் விளங்காது, வாயால் சொல்லிப் பார்த்தால்தான் விளங்கும். பாட்டுப் பாடச் சொல்லும் விளையாட்டுகளில் மட்டும், பிடிக்கவில்லை என்றால் தாராளமாக ஒதுங்கலாம்.

"நூலக வரி பத்தி ஒரு வகுப்பே இருக்காம். அது அதிகாரிங்க பார்க்கற வேலைதானே?"

வசூலும் கணக்கும் அவர்கள் வேலைதான். ஆனால் உங்கள் நூலகம் எந்தப் பணத்தில் நடக்கிறது என்று தெரியாமல் ஊராட்சியிடம் பேசப் போகக் கூடாது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-இல் வந்தது, அதற்கு ரங்கநாதனின் உழைப்பு பெரிய காரணம். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். செய்தித்தாள் சந்தா முதல் கட்டட வாடகை வரை பெருமளவு இதிலிருந்துதான்.

இந்த ஒரு விஷயம் தெரிந்ததும் பேச்சின் தொனியே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் பணம் கட்டியிருக்கிறார். உள்ளே வரத் தயங்கும் ஒருவரிடம் "இது உங்கள் வரிப்பணத்தில் நடப்பது, வாங்க" என்று சொல்லலாம். மேலே சொன்ன ஊராட்சித் தலைவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

"சமவெளியிலேர்ந்து வந்து வகுப்பு எடுக்கறாங்க. அவங்க சொல்றது நம்ம மலைக்குப் பொருந்துமா?"

மக்களிடம் பேசுவது எங்கும் ஒன்றுதான். மற்றபடி சில விஷயங்களை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே மழை ஒரே காலத்தில் பெய்வதில்லை. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்குப் பிறகு பலக்கும், மண்சரிவில் சாலை அடைபடும். ஆண்டுத் திட்டம் எழுதும்போது எல்லோருக்கும் ஒரே மாதத்தில் விழா என்று போட்டால் ஒரு பக்கம் ஆளே வர முடியாது.

அடுத்தது ஈரம். சமவெளியில் புத்தகத்தின் எதிரி தூசி, இங்கே பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அட்டையில் சாம்பல் பூத்தது போலப் படரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறை உள்ளே இறங்கிவிடும். தனியாக எடுத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கட்டடத்துக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ராமபாணப் பூச்சியும் இந்த ஈரத்துக்குத்தான் வருகிறது. பராமரிப்புச் செலவு கேட்கும்போது இதைப் படம் எடுத்து இணைத்துக் காட்டுங்கள், வார்த்தையால் சொன்னால் கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை.

அப்புறம் மொழி. ஒரே நூலகத்துக்குப் படகர்களின் படுகு மொழி பேசும் பாட்டி வருவார், மலையாளம் படிக்கும் பெரியவர் வருவார், பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ எனும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வருவார்கள். இவர்களில் யாருக்கு நம் அலமாரியில் ஒன்றுமே இல்லை என்று ஒரு வகுப்பில் கேளுங்கள். வெளியூர்ப் பயிற்சியாளர்களும் அதைக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறார்கள்.

"என்கூட வேலை பார்க்கிற சீனியர் எதுக்குமே ஒத்துழைக்க மாட்டார். பயிற்சி முடிச்சுட்டு வந்து என்ன செய்ய?"

பயிற்சியில் கற்றதை முதல் நாளே அவரிடம் விரிவுரை செய்யாதீர்கள். இருபது வருடமாக அந்த நூலகத்தைத் திறந்து வைத்திருப்பவர் அவர். நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவரும் அவரே. முதலில் அதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, அவருக்குத் தொல்லையாக இருக்கும் ஒரு வேலையை, உதாரணமாக நிலுவைப் புத்தகங்களை மீட்பதை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு என்று நாம் நினைப்பது பல இடங்களில் அலுப்புதான். எத்தனையோ புதுத் திட்டம் வந்ததையும் பாதியில் நின்றதையும் அவர் பார்த்திருக்கிறார்.

அப்படியும் வேலையைத் தடுக்கிறார் என்றால், மனத்தாங்கலாகப் பேசாமல், எந்தத் தேதியில் எது நின்றது என்று குறித்து வைத்து மேலதிகாரியிடம் சொல்லுங்கள். ஆளைப் பற்றி எழுதாதீர்கள், வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

"கவுன்சிலர், எம்.எல்.ஏ.கிட்டல்லாம் பேசச் சொல்றாங்க. நாம அரசு ஊழியர், மாட்டிக்க மாட்டோமா?"

நியாயமான பயம். 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. கட்சி மேடை, தேர்தல் வேலை பக்கமே போகக் கூடாது. அனுமதி இல்லாமல் பணம் வசூலிக்கவும் கூடாது. ஆனால் நூலகத்துக்கு வரும் மக்கள் பிரதிநிதியிடம் வருகைக் கணக்கைக் காட்டுவதும் தேவையைச் சொல்வதும் உங்கள் பணியைச் சேர்ந்ததே. எழுத்தில் கோரிக்கை வைப்பதாக இருந்தால் மாவட்ட நூலக அலுவலர் வழியாகப் போகட்டும். வாசகர் வட்டம் தன் பெயரில் மனு கொடுக்கலாம், அவர்கள் குடிமக்கள்.

நன்கொடையில் கூடுதல் கவனம் வேண்டும். ரொக்கத்தைக் கையில் வாங்கி நாளைக்கு ரசீது தருகிறேன் என்று சொல்லவே சொல்லாதீர்கள். 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேர்பவருக்கு அந்த நிமிடமே ரசீது. நாற்காலியோ புத்தகமோ கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் அன்றே பதிவு. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் தணிக்கையில் வந்து நிற்கக் கூடாது.

"இந்தச் சர்ட்டிபிகேட் பிரமோஷனுக்கு உதவுமா?"

நேரடியாக உதவாது. பதவி உயர்வு பணிமூப்பையும் கல்வித் தகுதியையும் பொறுத்தது. அதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களில் நூலக அறிவியல் பட்டப்படிப்புக்குப் படிப்பது மேல்.

"திரும்பி வந்து ஒரு மாசத்துல எல்லாம் பழையபடி ஆயிடுதே அக்கா, அதுக்கு என்ன பண்ண?"

பெரிதாக ஆரம்பித்தவர்களுக்குத்தான் அப்படி ஆகிறது. கொண்டு போன அந்த ஒரு பிரச்சினைக்கு மட்டும், வந்த முதல் மாதத்துக்குள், பணம் தேவைப்படாத ஒரு வேலையைச் செய்யுங்கள். குழந்தைகள் புத்தகங்களைக் குழந்தையின் கை எட்டும் தட்டுக்கு இறக்குவதாக இருக்கலாம். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு மேசையை ஒதுக்குவதாக இருக்கலாம். முன்பு எடுத்த மூன்று மாதக் கணக்குக்குப் பக்கத்தில் அடுத்த மூன்று மாதக் கணக்கை எழுதி, ஒரு பக்க அறிக்கையாக அலுவலகத்துக்கு அனுப்புங்கள், யாரும் கேட்காவிட்டாலும். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று வாசகர் வட்டத்தைக் கூட்டி அதே கணக்கைப் படித்துக் காட்டுங்கள்.

கூடப் படித்தவர்களில் இரண்டு மூன்று பேரோடு மட்டுமாவது தொடர்பில் இருங்கள். நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு காலை வணக்கத்தோடு நின்றுவிடும். மாதம் ஒருமுறை போனில் "அந்த வேலை எதுவரை வந்தது?" என்று கேட்கும் ஒருவர் போதும்.

"எல்லாம் சரியா நடக்கும்போது மாறுதல் வந்துட்டா? நான் செஞ்சதெல்லாம் போச்சா?"

பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் புத்தகம், அலமாரி, நாற்காலி, கடிகாரம் எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கும். வாசகர் வட்டத்தில் யார் எதைப் பார்த்துக்கொள்கிறார், எந்தத் தலைமையாசிரியர் பிள்ளைகளை அனுப்புகிறார், அங்கன்வாடிப் பெட்டியின் நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்கெனத் தனியாக இரண்டு பக்கம் எழுதி, அனுமதிக் கடிதங்களின் நகலோடு கோப்பில் சேருங்கள். இதை மாறுதல் ஆணை வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் இருக்காது. வேலை தொடங்கும் நாளிலேயே கோப்பைத் திறந்துவிடுங்கள். புதிதாக வருபவர் பொறுப்பேற்கும் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவரைக் கூட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகம், பள்ளி, அங்கன்வாடி மூன்றுக்கும் போய் "இனி இவர்தான் பார்த்துக்கொள்வார்" என்று நேரில் அறிமுகம் செய்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.